எந்த ஷஅபான்? வீட்டுக் காணொளிகளுக்குப் பெயரிடுவது குறித்து



கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன்னிலையில் ஒரு பத்திரம் கொண்டுவரப்பட்டது. கொடுக்கல் வாங்கல் ஒன்றைப் பற்றிய அப்பத்திரத்தில் தவணை ஷஅபான் மாதம் என்று எழுதப்பட்டிருந்தது. எந்த ஷஅபான், கடந்து சென்றதா, நடப்பதா, இனி வரப்போவதா என்று அவர்கள் வினவினார்கள். பத்திரத்தில் அதற்கு விடை இல்லை. இந்நிகழ்ச்சியையும், தேதி குறிக்கப்படாத கடிதங்கள் வந்து சேர்வதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதி அனுப்பிய செய்தியையும் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு தோன்றியதற்கான காரணங்களாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். ஹிஜ்ரி 16 அல்லது 17 ஆம் ஆண்டில், நபித்தோழர்களுடன் கலந்தாலோசித்த பின்னர், நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்திலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறை நிலைபெற்றது. மாதத்தின் பெயர் இருந்தும் ஆண்டு இல்லாமற்போனதால், ஒரு சமுதாயத்தின் காலக் கணக்கே பிறந்தது.

இன்று நம் வீட்டுக் கணினியைத் திறந்து பார்த்தால் அதே கேள்வி நம் முன் நிற்கின்றது. 'பெருநாள் வீடியோ', 'பெருநாள் புதியது', 'பெருநாள் புதியது 2' என்று மூன்று கோப்புகள். எந்தப் பெருநாள்? 'வாப்பா ஓதியது' என்று இன்னொன்று. எந்த வாப்பா? பெயரிட்டவருக்கு அவர் வாப்பா. பெயரிட்டவரின் பிள்ளைக்கு அவர் பாட்டனார். அப்பிள்ளை வளர்ந்து அதே கோப்பைத் திறக்கும் நாளில், 'வாப்பா' என்னும் சொல் முற்றிலும் வேறொருவரைக் குறிக்கும். காக்கா, ராத்தா, மாமி, பெரிய வீடு, நம்ம ஊர் ஆகிய சொற்கள் யாவும் இத்தகையனவே. சொல்லுகிறவர் உயிரோடு அருகில் இருக்கும்வரை மட்டுமே அவற்றுக்குப் பொருள் உண்டு.

வீட்டில் சேர்ந்துவிட்ட காணொளிகளுக்கு உரிய பெயரிட்டு அடுக்கி வைப்பதை ஓய்வு நேர வேலையாக எண்ணாமல், அமானத்தைச் சார்ந்த கடமையாகக் கருத வேண்டும் என்பது நம் கருத்து. உருவப் படம் பிடிப்பதைப் பற்றிய ஃபிக்ஹு விவாதத்துக்குள் இங்கு நாம் நுழையவில்லை. அதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலாக விலகி நிற்கும் குடும்பங்களை நாம் மதிக்கிறோம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் காணொளிகள் ஏற்கனவே ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. சேர்ந்துவிட்டவற்றை என்ன செய்வது என்பதே இப்போதைய கேள்வி.

முதலில், இவற்றுக்கு இப்போது இருக்கும் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிய வேண்டும். அவை கருவிகள் வைத்த பெயர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியே வரும் காணொளி 'விஐடி', அதன்பின் எட்டு இலக்கத்தில் ஒரு தேதி, அதன்பின் 'டபிள்யூஏ', அதன்பின் ஒரு வரிசை எண் என்று வந்து அமர்கின்றது. 20190605 என்று கண்டவுடன் அது 2019 ஜூன் 5 ஆம் நாள் எடுக்கப்பட்டது என்று பலர் நம்பிவிடுகின்றனர். உண்மையில் அது அக்கோப்பு இக்கைப்பேசியை வந்தடைந்த நாள். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிக்காஹ் ஒன்றின் காட்சியை உறவினர் இன்று அனுப்பினால், இன்றைய தேதியே அதன் நெற்றியில் ஒட்டப்படும். மேலும் வாட்ஸ்அப் காணொளியைச் சுருக்கி அனுப்புவதால், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், கேட்டவர் யாரிடம் எப்போது கேட்டார் என்பது மட்டும் தெரிகின்றது. அதற்கு முந்தைய தொடர் அறுந்துவிட்டது.

குறுந்தகடுகளின் கதை இன்னும் கவலைக்குரியது. 2000 ஆம் ஆண்டையொட்டி நம் பகுதியில் நிக்காஹ் காட்சிகள் விசிடியிலும், பின்னர் டிவிடியிலும் வழங்கப்பட்டன. எந்த விசிடியை எடுத்தாலும் உள்ளே 'ஏவிஎஸ்இக்யூ01' என்ற ஒரே பெயர்தான். எந்த டிவிடியை எடுத்தாலும் 'விடிஎஸ்_01_1' என்ற ஒரே பெயர்தான். பெரிய மகனின் நிக்காஹ் தகட்டையும் சின்ன மகளின் நிக்காஹ் தகட்டையும் கணினியில் ஒரே கோப்புறைக்குள் நகலெடுத்தால், இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். கணினி ஒருமுறை கேட்கத்தான் செய்யும். ஆங்கிலத்தில் கேட்கும் அக்கேள்விக்கு அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்துவோர் எத்தனை பேர்! தகட்டின் மேல் மை பேனாவால் எழுதிய பெயர்தான் அதன் ஒரே அடையாளம். ஆகவே தகட்டைக் கணினிக்கு மாற்றும்போது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை திறந்து, மேலே எழுதியிருப்பதை அப்படியே அதன் பெயராக முதலில் எழுதிவிட வேண்டும். திருத்தங்களைப் பின்னர் செய்து கொள்ளலாம்.

நம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவனின் வாப்பா வளைகுடாவில் பணியாற்றி வந்தார். பிள்ளை குர்ஆன் மனனம் செய்யத் தொடங்கியதிலிருந்து, வாரந்தோறும் ஒரு சூராவைத் தாமே ஓதிக் காணொளியாக அனுப்புவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு அவர் அங்கேயே வஃபாத்தானார். இத்தாக் காலம் முடிந்த பின், அந்த ஓதல்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தர இயலுமா என்று பிள்ளையின் உம்மா கேட்டு அனுப்பியிருந்தார்கள். கைப்பேசியில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட காணொளிகள் இருந்தன. சமையற்குறிப்புகள், அரசியல் துணுக்குகள், காலை வணக்கச் செய்திகள் ஆகியவற்றுக்கிடையே அவை சிதறிக் கிடந்தன. பிள்ளையும் நாமும் அஸருக்குப் பின் அமர்ந்து, பல நாட்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். சூரத்துல் முல்க் கிடைத்தது. சூரத்து யாஸீனின் முதல் பகுதி கிடைத்தது, இரண்டாம் பகுதி கிடைக்கவில்லை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தபோதெல்லாம் வீட்டில் யாரோ பெரிய கோப்புகளை மொத்தமாக அழித்திருக்கின்றனர். ஓதல் எது, துணுக்கு எது என்று அழித்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டின் பெயரும் ஒரே வகையான எண்தான். கிடைத்தவற்றுக்கு அப்பிள்ளையே சூராவின் பெயரையும் தேதியையும் எழுதினான். ஒவ்வொன்றை எழுதும் முன்பும் ஒருமுறை முழுவதும் கேட்டான். நாம் அவசரப்படுத்தவில்லை.

இளைஞர்கள் சிலர் நம்மிடம் மறுப்புரைப்பதுண்டு. "உஸ்தாத், இனிப் பெயரே தேவையில்லை. முகத்தைக் கண்டு செயலியே பிரித்துத் தரும், தேடினால் வந்துவிடும்" என்கின்றனர். செயலி முகங்களைக் குழுவாகப் பிரிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த முகம் யாருடையது என்பதை ஒரு மனிதர்தான் ஒருமுறையேனும் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய பெரியம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்திருந்தால், செயலியின் திறமை யாருக்கு உதவும்? 1990களின் நிக்காஹ் காட்சி ஒன்றில் பந்தலில் அமர்ந்திருக்கும் ஐம்பது பேரில் பத்துப் பேரை நமக்குத் தெரியலாம். எஞ்சிய நாற்பது பேரின் பெயர்கள் இப்போது நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, ஒரு மாலைப் பொழுதில் அவர்களைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தி, காட்சியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதுங்கள். இத்தனையாவது நிமிடத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்து நிற்பவர் இன்னார், இன்னாரின் மகன் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். பெரியவர்களுக்கும் அதனினும் இனிய மாலை கிடைப்பதரிது.

முகத்தைப் பிரிக்கும் வசதிக்காக நம் வீட்டுப் பெண்களின் காட்சிகள் எந்த நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன என்னும் கேள்வியும் இருக்கின்றது. அதைப் பின்னர் சொல்வோம்.

இனித் தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் தொடக்கத்திலேயே எழுதினால், கணினி தானாகவே கால வரிசைப்படி அடுக்கிவிடும். 2019-06-05 என்று எழுத வேண்டும். நாம் வழக்கமாக எழுதும் 5/6/2019 என்ற முறை இதற்கு உதவாது. நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் 5 ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். சாய்கோட்டையோ கோப்பின் பெயரில் விண்டோஸ் ஏற்பதே இல்லை. கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றையும் அது ஏற்காது.

ஹிஜ்ரித் தேதியையே எழுதலாகாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எழுதலாம், எழுதுவது சிறப்பு; ஆனால் அதை மட்டும் எழுதினால் சிக்கல் வரும். ஹிஜ்ரி 1440 ஆம் ஆண்டின் ஈதுல் ஃபித்ர் சவூதி அரேபியாவில் 2019 ஜூன் 4 ஆம் நாளும், நம் நாட்டில் ஜூன் 5 ஆம் நாளும் கொண்டாடப்பட்டது. ரியாதில் இருக்கும் மகன் அனுப்பிய பெருநாள் காட்சியும் ஊரில் எடுத்த பெருநாள் காட்சியும் ஷவ்வால் பிறை 1 என்றே பெயர் பெறும். ஆனால் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தவை அல்ல. ஆகவே வரிசைக்கு ஆங்கிலத் தேதியையும், அதன்பின் பொருளுக்கு ஹிஜ்ரி ஆண்டையும் இடத்தையும் எழுதுவதே பொருத்தம். '2019-06-05 ஈதுல் ஃபித்ர் 1440 அதிராம்பட்டினம் குத்பா' என்ற பெயரில் எந்தக் குழப்பமும் இராது.

தேதி தெரியாதபோது என்ன செய்வது? இங்குதான் ஒரு முஸ்லிமின் பேணுதல் வெளிப்பட வேண்டும். ஊகித்து ஒரு நாளை எழுதிவிடலாகாது. ஹதீஸை அறிவித்தவர்கள், ஒரு சொல்லில் ஐயம் ஏற்பட்டால் இதுவோ அதுவோ என்று அந்த ஐயத்தையும் சேர்த்தே அறிவித்தார்கள். நமக்கு ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் எழுதி, மாதமும் நாளும் இருக்கவேண்டிய இடத்தில் 00 என்று இடுவோம். ஆண்டும் உறுதியில்லையெனில் '1998 சுமார்' என்று எழுதுவோம். இல்லாத உறுதியை எண்களால் காட்டினால், நம் பேரப்பிள்ளைகள் அதை ஆதாரமாகக் கொண்டு வேறொன்றை முடிவு செய்வார்கள்.

ஆட்களின் பெயர்களில் நமக்குள்ள இடர்ப்பாடு தனித்தன்மை வாய்ந்தது. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மக்களின் வழக்கம். ஒரே வீட்டில் மூன்று முஹம்மது, நான்கு ஃபாத்திமா இருப்பார்கள். இதே இடர்ப்பாட்டை ஹதீஸ் அறிஞர்கள் நமக்கு முன்னரே சந்தித்துவிட்டனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அறிவிப்பாளர்களை அகர வரிசைப்படி தொகுத்த 'அத்தாரீகுல் கபீர்' என்னும் நூலில், நபி (ஸல்) அவர்களின் பெயருக்குரிய கண்ணியத்தால் முஹம்மது என்ற பெயருடையோரையே முதலில் வைத்தார்கள். அதற்குள் தந்தையின் பெயரைக் கொண்டு பிரித்தார்கள். ஹிஜ்ரி 463 இல் மறைந்த கத்தீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள், பெயரும் தந்தையின் பெயரும் ஒன்றாக இருந்து ஆள் மட்டும் வேறாக இருப்போரைப் பற்றி 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்று ஒரு நூலே எழுதினார்கள். தந்தையின் பெயர், குன்யத், ஊர், தொழில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டினார்கள். நம் கோப்புகளுக்கும் அதுவே வழி. 'முஹம்மது நிக்காஹ்' என்பதற்குப் பதிலாக, தந்தையின் பெயரையும் ஊரில் வழங்கும் வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதினால் ஆள் தெளிவாகிவிடுவார்.

வீட்டுப் பெயர் என்றவுடன் பட்டப்பெயர்களும் நினைவுக்கு வருகின்றன. நம் ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் அரிது. 'குண்டு சாச்சா', 'நொண்டி மாமா' என்றெல்லாம் கோப்புகளுக்குப் பெயரிட்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். பட்டப்பெயர் சூட்டிப் பழிப்பதை அல்ஹுஜுராத் சூராவின் 11 ஆம் வசனம் தடுக்கின்றது. கண்பார்வை மங்கியவர் என்ற பொருளில் அல்அஃமஷ் என்றும், கால் ஊனமுற்றவர் என்ற பொருளில் அல்அஃரஜ் என்றும் புகழ்பெற்ற அறிவிப்பாளர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். ஆள் அடையாளத்துக்காக மட்டும், இழிவுபடுத்தும் எண்ணமின்றிச் சொல்வதை இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் அனுமதித்துள்ளனர். வேறு வழியில் அடையாளம் காட்ட இயலுமாயின் அதுவே மேல் என்றும் சொல்லியுள்ளனர். வீட்டுக் கோப்புக்கு வேறு வழி எப்போதும் உண்டு. அந்தச் சாச்சாவின் மகன் ஒருநாள் அப்பெயரைக் காண நேரும் என்பதை மறவாதீர்கள்.

எந்த எழுத்தில் எழுதுவது? தமிழிலேயே எழுதுங்கள் என்று சொல்வோம். ஆங்கில எழுத்தில் எழுதினால் முஹம்மது என்னும் பெயரை ஒரே குடும்பத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றவை கிடைக்கமாட்டா. தமிழில் எழுதினாலும் முஹம்மது, முகமது, முஹம்மத் என்ற வேறுபாடு வரும். ஆதலால் குடும்பத்துக்கென்று ஒரு வடிவத்தைத் தேர்ந்து, அதையே எல்லோரும் பின்பற்ற வேண்டும். யூனிகோடு எழுத்தில் எழுத வேண்டும் என்பது இன்றியமையாதது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர், வேறு கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும்.

தமிழில் எழுதுவோர் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் ஆகியவற்றில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுகளைத் தாண்ட இயலாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு. புள்ளி, கால், கொம்பு ஆகியவையும் தனித்தனியே எண்ணப்படும். ஆக, ஏறத்தாழ 85 குறிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன பெருநாள் கோப்பின் பெயர் அந்த எல்லைக்குள் எளிதாக அடங்கும். அதற்கு மேற்பட்ட விவரங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு உரியவை.

நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபுத்தமிழ் என்னும் அச்செல்வத்தில் மார்க்க நூல்களும் வீட்டுக் குறிப்புகளும் கடிதங்களும் இருந்தன. இன்று பெட்டிக்குள் இருக்கும் பாட்டியாரின் குறிப்பைப் படிக்க ஆள் தேடுகிறோம். எந்த எழுத்தைத் தேர்ந்தாலும், அதைப் படிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும் பெயரிடும் வேலையின் ஒரு பகுதிதான். வளைகுடாவில் பிறந்து தமிழ் படிக்கத் தெரியாமல் வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

பயான் காணொளிகளுக்கு வருவோம். இங்கு நினைவுகளுக்கு அப்பால், மார்க்கமே தொடர்புடையதாகி விடுகின்றது. நம் பகுதியில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் பலர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது சொன்னவை பழைய கருத்து என்றும், எகிப்துக்குச் சென்றபின் ஹிஜ்ரி 204 இல் மறையும்வரை சொன்னவை புதிய கருத்து என்றும் பிரிக்கப்படுவதை மதரஸா மாணவர் எவரும் அறிவர். எங்கே, எப்போது சொன்னார்கள் என்பது காக்கப்பட்டதால்தான் எது அவர்களின் இறுதி முடிவு என்று நம்மால் கூற முடிகின்றது. அந்தக் குறிப்பு தொலைந்திருந்தால், அவர்கள் தாமே கைவிட்ட கருத்தை அவர்கள் பெயராலேயே இன்று நாம் செயற்படுத்திக் கொண்டிருப்போம்.

இப்போது கைப்பேசிகளில் சுற்றும் பயான் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை நிமிடக் காட்சி. முன்னும் பின்னும் வெட்டப்பட்டிருக்கும். தேதி இல்லை, ஊர் இல்லை, கேட்கப்பட்ட கேள்வியும் இல்லை. ஒரு மஹல்லாவில் ஜமாஅத் தேர்தலையொட்டி வேறுபாடு எழுந்தபோது, ஆலிம் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் வேறொரு கேள்விக்கு அளித்த விடை, நேற்றுச் சொன்னதைப் போல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. இரு குடும்பங்களுக்கிடையே ஸலாம் நின்றுபோனது. முழுப் பயானையும் தேதியோடு வைத்திருந்தவர் ஒருவர் இருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத்தின் 6 ஆம் வசனத்தை மேடையில் ஓதுகிறோம். விசாரிப்பதற்குரிய பொருள் வீட்டில் இருந்தால்தானே விசாரிக்க முடியும்? முதுமையில் நினைவு தடுமாறிய அறிவிப்பாளரிடம் ஒருவர் கேட்டது தடுமாற்றத்துக்கு முன்பா, பின்பா என்று ஹதீஸ் அறிஞர்கள் ஆராய்ந்ததன் அருமையும் இங்கு விளங்கும்.

எனவே பயான் கோப்பின் பெயரில் தேதி, பேசியவர், ஊர், தலைப்பு ஆகியவற்றோடு, அது முழுமையா பகுதியா என்பதும் இருக்க வேண்டும். பகுதி எனில், முழுமை எங்கிருக்கிறது என்பதை நோட்டில் குறிக்க வேண்டும். யாரிடமிருந்து நமக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள். பெயரும் ஊரும் தேதியும் தெரியாத துண்டைச் சேமிக்காமலும் பரப்பாமலும் விடுவதே மேல் என்பது நம் தீர்மானமான கருத்து. அதில் உள்ள செய்தி எவ்வளவு நல்லதாக இருப்பினும் சரியே.

விலை கொடுத்து வாங்கிய படங்களையும் தொடர்களையும் வீட்டுக் கணினியில் சேர்த்து வைப்போர்க்கு ஓரிரு சொற்கள். பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி போன்ற மென்பொருள்கள் கோப்பின் பெயரைப் படித்துத்தான் அது எந்தப் படம் என்று அறிகின்றன. பெயரும் வெளிவந்த ஆண்டும் இருந்தால் அவை குழம்புவதில்லை. முஸ்தஃபா அக்காத் 1976 இல் இயக்கிய 'தி மெசேஜ்' அரபியிலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு இரு படங்களாக எடுக்கப்பட்டது. ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தில் ஆங்கிலத்தில் ஆண்டனி குவின், அரபியில் அப்துல்லாஹ் கைத். ஆகவே அங்கு மொழியையும் எழுத வேண்டும். 2014 முதல் 2019 வரை துருக்கியில் ஒளிபரப்பான எர்துக்ருல் தொடர் மூலத்தில் 150 பாகங்கள்; நெட்ஃபிளிக்ஸ் அதைச் சிறு பாகங்களாகப் பிரித்து 448 ஆக்கியது. ஒன்றின் எண்ணை மற்றதற்கு இட்டால் கதை முன்னும் பின்னுமாக ஓடும். நிக்காஹ் காட்சியைத் திரைப்படப் பிரிவில் போட்டு, ஆங்கில எழுத்தில் நிக்காஹ் என்று மட்டும் பெயரிட்டால், 1982 இல் பி.ஆர். சோப்ரா எடுத்த அதே பெயருடைய இந்திப் படத்தின் சுவரொட்டியை மென்பொருள் கொண்டுவந்து ஒட்டினும் வியப்பில்லை. குடும்பக் காட்சிகளுக்கென்று அம்மென்பொருள்களில் தனிப் பிரிவு உண்டு. அவற்றை அங்கேயே வையுங்கள்.

பிரிவு என்றவுடன், நாம் இறுதிக்கென வைத்திருந்த செய்திக்கு வந்துவிட்டோம். கோப்புறைகளை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், ஆண்டுவாரியாக என்போர் உண்டு. நிகழ்ச்சிவாரியாக என்போரும் உண்டு. நம் வீடுகளுக்கு முதற்பிரிவு இவை இரண்டுமல்ல. யார் பார்க்கலாம் என்பதே முதற்பிரிவாக இருக்க வேண்டும். பொது, குடும்பம், பெண்கள் என்று மூன்று கோப்புறைகளை முதலில் திறந்து, அதற்குப் பின்னரே ஆண்டும் நிகழ்ச்சியும் வரவேண்டும். பயான், குத்பா, கிராஅத் ஆகியவை பொதுவில் அமையும். வீட்டார் மட்டும் காண்பவை குடும்பத்தில் அமையும். நிக்காஹ் வீட்டின் பெண்கள் பகுதியில் எடுத்தவை, மருதாணி இரவு, சீமந்த விருந்து, பெண்கள் தமக்குள் பாடி மகிழ்ந்தவை ஆகியன மூன்றாவதில் மட்டும் இருக்க வேண்டும்.

பந்தலில் திரையிட்டுப் பெண்களுக்குத் தனி வாசல் வைக்கிறோம். அதே நிகழ்ச்சியின் பதிவு, விருந்தினர் வந்திருக்கும் வேளையில், கூடத்துத் தொலைக்காட்சியில் தானாக ஓடத் தொடங்குகின்றது. திரை போட்ட பயன் என்ன? படம் பிடித்தபோது அங்கிருந்த பெண்கள், அது பெண்களிடையே மட்டும் இருக்கும் என்று நம்பித்தான் முகம் காட்டினார்கள். அந்த நம்பிக்கைதான் அமானத். அவர்களுள் அடுத்த வீட்டாரும் உண்டு, வஃபாத்தானவர்களும் உண்டு. மறைந்த பெண்மணியின் ஹிஜாபைப் பேணும் பொறுப்பு, அவர் படம் யாரிடம் இருக்கிறதோ அவரைச் சேர்ந்தது. அவர் இனி எழுந்து வந்து மறுக்கமாட்டார்.

இதற்கு வழி இருக்கின்றது. ஜெல்லிஃபின் நம் வீட்டுக் கணினியிலேயே இயங்குவது, கட்டணமற்றது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறந்து, இன்னார்க்கு இன்ன பிரிவு மட்டும் என்று வரையறுக்க முடியும். அந்த அளவுக்கு இயலாதவர்கள், பெண்கள் கோப்புறையைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் இட்டு அலமாரியில் பூட்டிவிடலாம். கைப்பேசியில் எடுத்தவை தாமாகவே இணையச் சேமிப்புக்கு ஏறும் வசதியை அந்தக் காட்சிகளுக்கு மட்டுமாவது நிறுத்தி வையுங்கள். பழைய கேசட்டுகளை மாற்றித் தர வெளியே கொடுக்கும்போது, பெண்கள் பகுதி அடங்கியவற்றைப் பெண்கள் நடத்தும் நிலையத்திலோ, வீட்டுப் பெண் ஒருவர் கற்றுக்கொண்டு வீட்டிலேயோ மாற்றுவது நலம். கோப்பின் பெயரில் பெண்களின் பெயர் வேண்டுமா என்பதைச் சம்பந்தப்பட்ட பெண்களிடமே கேளுங்கள். சிலர் எழுதச் சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். அம்முடிவு வீட்டு ஆண்களுடையதன்று.

அந்த மூன்றாம் பிரிவின் கடவுச்சொல்லை வீட்டின் மூத்த பெண்மணி வைத்திருக்கட்டும். அவருக்குப் பின் அது எந்த மகளுக்கோ மருமகளுக்கோ போகவேண்டும், எவற்றை வைத்திருக்கலாம், எவற்றை அழித்துவிட வேண்டும் என்பதை அவரே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடட்டும். வஸிய்யத் செய்ய ஏதேனும் இருப்பவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்று ஹதீஸ் பாடத்தில் நாம் கற்பிக்கிறோம். காணொளிகளுக்கு இப்படியொரு தாள் எழுதி வைத்திருக்கும் வீடு ஒன்றையும் நாம் இதுவரை கண்டதில்லை. பொதுப் பிரிவுக்கும் குடும்பப் பிரிவுக்கும் இரு நகல்கள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில், உடன்பிறந்தாரிடம் வைக்கலாம். அந்தத் தாளையும் பெயர்கள் எழுதிய நோட்டையும் பீரோவில் வீட்டுப் பத்திரமும் நிக்காஹ் சான்றிதழும் இருக்கும் அதே உறையில் வையுங்கள். நாம் இல்லாத நாளில் பிள்ளைகள் முதலில் திறப்பது அந்த உறையைத்தான்.